மூன்று சுற்று டேப்

வாலா,
மார்ச் 9, சனிக்கிழமை.

அன்புத் தம்பி தபானிக்கு,

இன்று காலை எழுந்ததும் காபிகூட வைக்காமல் ஏரிக்குப் போய்ப் பனியில் துளை போட்டேன். படகுத்துறை அருகே ஒன்று, நூறு மீட்டர் தள்ளி இன்னொன்று. இரண்டிலும் ஐம்பத்தாறு சென்டிமீட்டர். லாரியே ஓடுகிற மார்ச் மாத ஏரியில் அக்கா எதற்கு அளக்கிறாள் என்று நீ சிரிப்பாய். அளக்காமல் இறங்கக் கூடாது என்பது உன் சிநேகிதன் ரெய்யோவின் சட்டம். இந்தக் குளிர்காலத்தில் அவன்தான் எனக்குப் பட்டம் பிடிக்கவும், அந்தப் பட்டம் பனிமேல் இழுத்துப்போகிற வண்டியை ஓட்டவும் கற்றுக்கொடுக்கிறான்.

இதை உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். லாஸ் பால்மாஸில் வெயில் எப்படி இருக்கிறது? கப்பல் பட்டறையில் இரவு வேலையை மாற்றிவிட்டார்களா? இங்கே பிப்ரவரியில் கூரைப் பனி இடுப்புயரம் சேர்ந்துவிட்டது. அதைத் தள்ள ரெய்யோ வந்தான். போன வருட விபத்திலிருந்து இடது முழங்கால் மடங்காது, இருந்தாலும் ஏணியில் ஏறினான். இறங்கியவன் காபி குடிக்கும்போது ஜன்னல் வழியாக ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கற்றுக்கொடுக்கிறாயா என்று அப்போது கேட்டுவிட்டேன். உண்மையில் அவனை மறுபடி பனியில் இறக்கிவிடத்தான் கேட்டேன். பட்டம் எனக்கு எதற்கு, நாற்பத்தாறு வயதில்?

முதல் இரண்டு ஞாயிறும் வண்டியில் உட்காரவே விடவில்லை. கழுத்தில், பனி உடைந்து விழுந்தால் குத்திப் பிடித்து ஏறுவதற்கான பனி ஆணிகள், தலையில் ஹெல்மெட், கையில் போர்வையளவுகூட இல்லாத அவனுடைய சின்னப் பட்டம். நின்ற இடத்தில் நின்று அதை வானத்தில் கடிகார முள் மாதிரி நகர்த்த வேண்டும். பன்னிரண்டில் வைத்தால் சும்மா நிற்கும், இரண்டுக்கும் பத்துக்கும் கொண்டுபோனால் இழுக்கும். இருபத்திரண்டு வருடமாக இயற்பியல் நடத்துகிறேன், விசைகளைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிறேன். அந்த அம்புக்குறி என்னை முகங்குப்புறத் தள்ளி இருபது மீட்டர் இழுத்துப் போனது. ரெய்யோ ஓடி வரமுடியாமல் நின்ற இடத்திலிருந்தே கேட்டான்: "டீச்சரக்கா, பதினொண்ணுன்னு சொன்னேன், நீங்க மூணு மணிக்குப் போறீங்க. உங்க ஸ்கூல்ல மணி பாக்க யாரு சொல்லித்தர்றா?"

போன ஞாயிறு வண்டியில் உட்கார்ந்தேன். பனி பறந்துபோய்க் கண்ணாடி மாதிரி இருந்தது ஏரி. ஆணி டயர்கள் கரகரவென்று அரைக்கிற சத்தம் முதுகெலும்பில் ஏறியது. நீ ஏன் வீட்டில் தங்கவே மாட்டாய் என்று அன்றைக்குப் புரிந்தது. கரைக்குத் திரும்பியதும் அவனைக் கேட்டேன், ஒரு சுற்று நீ போயேன் என்று. மாட்டேன் என்றான். விளையாட்டாக இன்னொரு தடவை கேட்டேன். கையுறையைக் கழற்றித் தன் வலது கையைப் பார்த்தான். "இந்தக் கைய நம்ப முடியாதுக்கா. அன்னிக்குப் பட்டத்தக் கழட்டிவிடற பிடியத் தள்ளினேன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். கை அசையவே இல்லையாம்."

மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டும் வேலையை அவன் விட்டது முழங்காலால் என்று ஊரே நினைக்கிறது. ஓட்டலாம் என்றுதான் டாக்டர் சொன்னாராம். மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போவதில்லை, பள்ளிக்கு அவன் மனைவிதான் கொண்டுவந்து விடுகிறாள். தபானி, அவசரத்தில் தன் கை வேலை செய்யாது என்று ஒரு வருடமாக அவன் நம்பிக்கொண்டிருக்கிறான்.

நடுவில் எழுந்துபோய் அடுப்பில் விறகு வைத்தேன். மூன்றாவது தடவை. வீடு ஏற்கெனவே சவுனா நீராவி அறை மாதிரிதான் இருக்கிறது. காற்று வடமேற்கு, நொடிக்கு ஏழு மீட்டர். யாருக்காகப் பார்த்தேன் என்று தெரியவில்லை.

நாளைக்குப் பெரிய பட்டம் பிடிக்கலாம் என்று ரெய்யோ சொல்லியிருந்தான். உன்னுடையது கொட்டகையில் இருக்கிறதே, அதை எடுத்து வையுங்கள் என்றான். காலையில் ஏரியிலிருந்து திரும்பி, மேல் பரணில் நீ வைத்த பையை இறக்கினேன். விபத்துக்குப் பிறகு யாரையும் தொடவிடாமல் நீயே ஏற்றி வைத்த பை. அன்று அவனை விடுவிக்க அறுத்த கயிறுகள் அப்படியே இருந்தன. பட்டத்தைப் பிடித்துத் திருப்புகிற கைப்பிடிக் கம்பு முழுசாக இருந்தது. பட்டத்தை மாட்டுவதற்கு முன்னால் கம்பில் இருக்கிற சிவப்புப் பிடியைப் பத்துத் தடவை தள்ளிப் பார்க்க வேண்டும் என்பது ரெய்யோவின் இன்னொரு சட்டம். தள்ளினால் கொக்கி திறந்து பட்டம் கழன்றுபோக வேண்டும், உயிர் அதில்தான் இருக்கிறது.

தள்ளினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினேன். பனி உறைந்திருக்கும் என்று வீட்டுக்குள் கொண்டுவந்து அடுப்பருகே வைத்தேன். பிறகு விளக்கடியில் பார்த்தேன். பிடிக்குக் கீழே, கறுப்புக் குழாய்மேல் கறுப்பு டேப், மூன்று சுற்று. நுனி உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது, அடுத்த தடவை உரிக்கச் சுலபமாக. ஹாக்கி மட்டையிலிருந்து ஜாம் பாட்டில் வரைக்கும் டேப்பின் நுனியை அப்படி மடிக்கிறவன் இந்த வீட்டில் ஒருவன்தான்.

ஏன் சுற்றினாய் என்று எனக்குத் தெரியும். விபத்துக்கு முந்தின வாரப் பந்தயத்தில் பொடிப்பனி புகுந்து கொக்கி தானாகத் திறந்துவிட்டது, ஜெயிக்க வேண்டியதைக் கோட்டைவிட்டேன் என்று போனில் கத்தினாய். விபத்து நடந்த அன்றைக்கு ரெய்யோவின் பட்டக் கயிறு சிக்கிக்கொண்டது, உன் பட்டத்தையும் கம்பையும் வாங்கிக்கொண்டு போனான். நீ டேப்பை மறந்திருப்பாய். அதை நம்புகிறேன். மறந்ததற்காக உன்னை நான் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆஸ்பத்திரியில் நான் ரெய்யோவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். தன்னைப் பாறைகள் வரைக்கும் இழுத்துப்போன பட்டத்தை நினைத்து அவன் உன்னைக் கேட்டான், நான் பிடியில கை வச்சேனா இல்லையா என்று. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாய்: "நீ கையே வைக்கலடா. நான் பாத்துக்கிட்டுதானே இருந்தேன்." அடுத்த மாதம் ஊரை விட்டுப் போனாய். பனி பிடிக்கவில்லை என்று சொன்னாய். நான் நம்பினேன்.

இந்தக் கடிதத்தைத் தொடங்கியபோது, உனக்கு இரண்டு வாரம் கொடுப்பதாகத்தான் எண்ணம். நாளைக்குக் காய்ச்சல் என்று அவனிடம் சொல்லிவிடலாம், நீயே வந்து அவனிடம் பேசும்வரை கம்பைப் பரணில் வைத்திருக்கலாம் என்று நினைத்தேன். எழுத எழுத அது முடியாது என்று தெரிகிறது. பாத்திரம் கழுவும்போது என் கையை நானே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவன் ஒரு வருடமாக அப்படிப் பார்க்கிறான். என் தம்பியின் வசதிக்காக இன்னும் இரண்டு ஞாயிறு அவன் பார்க்க வேண்டுமா?

டேப்பை அறுக்கவில்லை. நாளைக்கு அவன் வந்ததும் காபி ஊற்றிவிட்டு, கம்பை அவன் வலது கையில் கொடுத்துத் தள்ளிப் பார்க்கச் சொல்லப்போகிறேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேரும்போது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

வேளைக்குச் சாப்பிடு. உன் அறையைத் திறந்து காற்றோட்டமாக வைத்திருக்கிறேன். ஏரிப் பனி ஏப்ரல் பாதிவரை தாங்கும்.

அவன் உனக்குப் போன் செய்வான். எடு.

என்றும் உன் நலத்தையே நினைக்கும் அக்கா,
விர்ப்பி