துரை கேட்ட ‘போதும்’

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை, ஆகவே உன் தம்பி துரை சுகம் என்று மட்டும் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் சமாளிப்பேன், பேச்சு வேறு பக்கம் போய்விடும், அதனால்தான் கடிதம்.

எனக்குக் குடலிறக்கம். நம் துரையைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும் அங்கிருந்து குளியலறைக்கும் தூக்கித் தூக்கி வந்த வினை. அடுத்த மாதம் ஆபரேஷன், அதற்குப் பிறகு ஆறு வாரம் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாதாம், தள்ளிப்போட்டுக் குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சத்தம் போட்டார். இவனை யார் தூக்குவது என்று கேட்டால், வீட்டில் வேறு யாரும் இல்லையா என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். உன் அம்மா சுவரில் போட்டோவாக இருக்கிறாள், அவளையா கூப்பிடுவேன்?

தையல் மிஷின் ரிப்பேர் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இதற்கே அலைகிறேன். பகல்நேர மையத்தில் நாலு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள், ராத்திரியானால் எல்லோரும் எழுந்து நடந்துவிடுவார்கள் போலிருக்கிறது. முதியோர் இல்லத்தில் இவனுக்கு வயசு பத்தாதாம், குழந்தைகள் இல்லத்தில் வயசு கூடிப்போச்சாம். ஆள் அனுப்புகிற கம்பெனியிலிருந்து வந்தவர் இவன் உடம்பைப் பார்த்ததும் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனார், இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறார். உன் அத்தை நான் பாத்துக்குறேண்ணே என்று வாய் நிறையச் சொன்னாள், தேதியைச் சொன்னதும் முழங்கால் வலி வந்துவிட்டது. நீ அனுப்பிய முகவரிகளையும் பார்த்தேன், அதில் ஒன்று இங்கே இல்லை, நீ இருக்கிற ஊரில் இருக்கிறதம்மா, அதைக்கூடவா பார்க்காமல் அனுப்புவாய்?

கடைசியில் ஒரு தற்காலிகக் காப்பகம் கிடைத்தது. ஒரு பகல் விட்டுப் போங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். மாத்திரை, எந்தப் பக்கம் படுப்பான், மிக்ஸி சத்தம் ஆகாது என்று வாய் வலிக்கச் சொன்னேன், ஒன்றைத் தவிர. அவன் சின்னவனாக இருந்தபோது தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் போதுமா போதுமா என்று கேட்பேனே, அதிலிருந்து அவனுக்குத் தண்ணீரின் பெயரே போதும்தானே. நமக்கு அது பழகிப்போய், வெளியே அதற்கு வேறு அர்த்தம் உண்டு என்பதே மறந்துவிட்டது. சாயங்காலம் போனால் உதடு வெடித்துக் கிடக்கிறான். டம்ளரைக் கொண்டுபோனாலே போதும் போதும்னு கத்துறார் சார், நாங்களும் மரியாதையா எடுத்துட்டு வந்துட்டோம், ஒத்துழைக்காதவங்கள வச்சுக்க முடியாது என்கிறார் வார்டன் அம்மா. நான் ஊற்ற ஊற்ற அவன் போதும் போதும் என்றபடியே முக்கால் செம்புத் தண்ணீரைக் குடித்தான், அந்த அம்மா வாயைப் பிளந்து பார்த்தார். விளக்கிச் சொன்னேன். பாவமாத்தான் இருக்கு, ஆனா முடியாதுன்னு மேல எழுதி அனுப்பியாச்சே, மூணு மாசம் கழிச்சு வாங்க என்கிறார். மூன்று மாதம் பொறுத்துக்கொள் என்று என் குடலிடம் யார் சொல்வது? வந்த ஆத்திரத்துக்குச் செம்பை விட்டெறிந்திருப்பேன், அதில் இன்னும் ஒரு வாய் மிச்சம் இருந்தது.

இனி நான் யார் வாசலிலும் போய் நிற்கப் போவதில்லை. நீ வா. லீவு கிடைக்காது, மாப்பிள்ளைக்குச் சிரமம், எல்லாம் தெரியும், தெரிந்துதான் கேட்கிறேன். தூக்குவதற்குப் பக்கத்து மெக்கானிக் வருகிறேன் என்கிறார். அவன் பேச்சு புரிகிற ஆள் என்னை விட்டால் நீ ஒருத்திதான்.

இருவரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் நிறைவாக இருங்கள். வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிறுதோறும் போனில் ஏதாவது வேணுமாப்பா என்று கேட்கிறாய், நானும் எல்லாம் இருக்கு, போதும்மா என்கிறேன். இனிமேல் அதை உன் தம்பி சொல்கிற போதுமாக எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா