கடைசிச் சுற்றும் கூடுதல் நேரமும்

இன்று நம் பட்டாசுக் கம்பெனிக்குக் கிஃப்ட் பாக்ஸ் மூடிகள் வந்து இறங்கின. கட்டைப் பிரித்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூடி முழுக்க ஒரு பையன் பந்தை உதைக்கிற படம். உலகக் கோப்பை வருஷம் என்பதால் இப்படிப் போட்டிருக்கிறார்களாம். உள்ளே வைப்பது வழக்கம்போலப் பூச்சட்டி, தரைச்சக்கரம், கம்பி மத்தாப்பு, சாட்டை என்று பலதும்தான். மேலே என் கட்சி, உள்ளே உன் கட்சி. இதைச் சொல்ல வலப்பக்கம் திரும்பிவிட்டேன். உன் இடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் உட்கார்ந்திருந்தாள். பாவம், ஒன்றும் புரியாமல் அவளும் சிரித்துவைத்தாள்.

"ஃபுட்பால்னா என்ன புள்ள? ஒரே வெடியைக் கட்டுக்கட்டா வாங்கிட்டுப் போற மாதிரி. ஒலிம்பிக்ஸ்தான் கிஃப்ட் பாக்ஸ். எந்தப் பிள்ளைக்கு எது பிடிக்குமோ அது உள்ள கெடக்கும்."

முன்பு ஒருநாள் பேக்கிங் அறையில் நீ இதைச் சொன்னதும் பெண்கள் எல்லாரும் உன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். நான் விடுவேனா? "கிஃப்ட் பாக்ஸ்ல பாதியை யாரும் கொளுத்துறதே இல்ல. மூலையில கெடந்து நமுத்துத்தான் போகும்" என்றேன். நீ வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். டீ வந்ததும் சரியாகிவிட்டது.

எனக்குப் பந்தாட்டம் பிடித்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஒரே பந்து, எல்லாக் கண்ணும் அதன்மேல். கம்பெனி வேன் இறக்கிவிட்ட பிறகு, சோற்றை வடித்துவிட்டுப் பாதியில் வந்து உட்கார்ந்தாலும் ஆட்டம் புரியும். "நம்ம நாடே இல்லாத திருவிழாவுல உனக்கு என்ன சோலி?" என்று கேட்பாய். நம் ஆட்கள் இல்லாததுதான் வசதி, யார் தோற்றாலும் நெஞ்சடைக்காது என்று வீராப்பாகச் சொல்வேன். பிறகு தோற்றுப்போன கோல்கீப்பரைப் பார்த்து மூக்கைச் சிந்துவேன். நீ முந்தானையை நீட்டுவாய்.

உனக்கு ஒலிம்பிக்ஸ் தொடக்க நாள் அணிவகுப்புதான் உயிர். அச்சங்குளத்தில் உன் வீட்டு டிவியில், பேர் தெரியாத ஏதோ ஒரு தீவிலிருந்து இரண்டே பேர் கொடி பிடித்து வந்தால் நீ எழுந்தே நின்றுவிடுவாய். "அம்புட்டுக் கூட்டத்துல ரெண்டே பேரு வாராக. என்னமாக் கையாட்டுறாக பாரு!" இருக்கன்குடி கோயில் ஆடி வெள்ளிக் கூட்டத்தில் சொந்தக்காரரைக் கண்டுவிட்டவள் மாதிரி நீயும் கையாட்டுவாய். ஆனால் எந்த விளையாட்டுக்கும் சட்டம் உனக்குத் தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொள்ளவும் மாட்டாய். முகத்தில் கம்பிக்கூடை மாட்டிக் கத்திச்சண்டை போடுகிறவர்களைக் காட்டி, "கண்ணு தெரியாமக் குத்தணும், அதான் வெளையாட்டு" என்றாய். குதிரை நாட்டியமாடுகிற போட்டியில் பதக்கம் யாருக்கு என்று உன் வீட்டுக்காரர் கேட்டபோது, "குதிரைக்குத்தான். மேல இருக்கவரு சும்மா கூட வாராரு" என்று தீர்ப்பே சொல்லிவிட்டாய்.

ஓட்டம் மட்டும் உனக்குச் சரியாகத் தெரியும், பள்ளிக்கூடத்தில் ஓடியவள் அல்லவா. கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார்கள் என்பதே நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். "மணி அடிச்சா நிக்கிறதுக்கு இல்ல புள்ள. அப்பத்தான் முடுக்கி ஓடணும்."

போன உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தபோது உன் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. மதுரை ஆஸ்பத்திரியில், ஏதோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவள் மாதிரி சொன்னாய்: "உன் பந்தாட்டத்தைப் பாத்தாச்சு. என் வெளையாட்டையும் பாத்துட்டுப் போயிருதேன்." ஒலிம்பிக்ஸுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் கிடந்தது. நான் மனசுக்குள் மாதங்களைத் தள்ளத் தொடங்கினேன். ஊசி மருந்தெல்லாம் முடிந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நீ மறுபடி வேலைக்கு வந்தபோது, பார்த்துவிடுவாய் என்றே நம்பினேன்.

கட்டி திரும்ப வந்தது. டாக்டர் உன் வீட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டுப் பேசியதைப் பார்த்துவிட்டு, "மணி அடிச்சுட்டாக புள்ள" என்றாய். அதன் பிறகு நீ ஓடிய ஓட்டம் இருக்கிறதே! இருக்கன்குடிக்குப் போய் மாவிளக்கு எடுத்தாய். பல வருஷமாகப் பேசாமலிருந்த தங்கை வீட்டில், கூப்பிடாமலே போய் உட்கார்ந்து சாப்பிட்டாய். எனக்குக் கொஞ்சமும் பொருந்தாத கிளிப்பச்சையில் சேலை எடுத்துவந்து, கட்டிக்காட்டச் சொல்லி நச்சரித்தாய்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. மணியாவது கிணியாவது. "எங்க ஆட்டத்துல அப்படியெல்லாம் இல்ல" என்றேன். "ஒருத்தர் அடிபட்டு விழுந்து கெடந்தா அந்த நேரத்தை வீணாக்க மாட்டாக. கடைசியில கூட்டித் தருவாக. நீ ஆஸ்பத்திரியில கெடந்த நாளையெல்லாம் உனக்குக் கூட்டித் தரணும்."

கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த நீ என்னையே பார்த்தாய்.

"விழுந்து கெடந்த நேரத்தையா? நெசமாவா?"

"நெசமா."

"இத்தனை வருசத்துல இதை நீ சொல்லவே இல்லையே. நல்ல ஆட்டந்தான் புள்ள அது."

அணிவகுப்புக்குச் சில வாரங்கள் இருக்கும்போது நீ போய்விட்டாய்.

அணிவகுப்பு அன்று உன் வீட்டுக்காரர் டிவியைப் போடவே மாட்டேன் என்றார். நான்தான் போய்ப் போட்டேன். சின்ன நாட்டுக்காரர்கள் வந்ததும் அவர் மெல்ல எழுந்தார். "அவ இருந்தா இன்னேரம் எந்திரிச்சிருப்பாள்ல, தங்கச்சி" என்றார். நானும் எழுந்தேன். நாடுகள் வந்துகொண்டே இருந்தன. கால் கடுக்க நின்று அத்தனையையும் பார்த்தோம்.

இப்போது மறுபடி என் பந்தாட்டம் வந்துவிட்டது. பார்க்கிறேன், கத்துகிறேன், மூக்கையும் சிந்துகிறேன். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் கோட்டுக்கு வெளியே ஒருவர் விளக்கு எரிகிற பலகையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிப்பார். கூட்டித் தந்தது எத்தனை நிமிடம் என்று எல்லாரும் அந்த எண்ணைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும், ஒரு நொடி, அது உனக்குத்தான் என்று நினைத்துவிடுகிறேன்.