கன்னிமூலைத் தொட்டி

9-7-79, திங்கள்
ஆடி பிறக்கவில்லை, அதற்குள் காற்று. வாயெல்லாம் மண். போன மாதம் விடிகாலையில் லேசாக நிலம் அதிர்ந்ததற்கு இன்றுதான் பல்கலைக்கழகத்திலிருந்து சுற்றறிக்கை. கல்லூரிக் கட்டடங்கள் நில அதிர்ச்சியைத் தாங்குமா, பார்த்து எழுதுக. சிவில் துறையில் எட்டு ஆசிரியர்கள். வேலை நிரந்தரமாகாதவன் நான் ஒருவன். ஆகவே நான்.
வாங்க: செருப்புக்கு வார், தூக்குக்குண்டுக்கு நூல், சரசுவுக்குத் தலைவலி மாத்திரை.

10-7, செவ்வாய்
நூலகம் பரவாயில்லை. ஆய்வுக்கூடத்தில் அலமாரிகளைச் சுவரோடு பிணைத்தால் போதும். மாணவர் விடுதிதான் மோசம். கீழே சைக்கிள் நிறுத்த வெறும் தூண்கள், சுவர் கிடையாது. அதன்மேல் இரண்டு மாடி. மொட்டை மாடியில் தென்மேற்கு மூலையில் பூதம் மாதிரித் தண்ணீர்த் தொட்டி. வரைபடத்தில் தொட்டி நடுவில், படிக்கட்டுச் சுவர்களின் மேல். கன்னிமூலையில்தான் கனம் இருக்கவேண்டும் என்று கட்டும்போது தள்ளி வைத்துவிட்டார்கள். மூலைத் தூணைச் சுத்தியலால் தட்டினேன். பூச்சு உதிர்ந்தது, உள்ளே துருப்பிடித்த கம்பி. நிலம் ஆடினால் விடுதியே அந்தப் பக்கமாக முறுக்கிக்கொண்டு உட்காரும்.
தொட்டிக்கு நேர்கீழே வார்டன் அறை. விவரம் சொன்னதும் அண்ணாந்து பார்த்தார். வியர்த்துவிட்டது. "நெசமாங்களா சார்?"

12-7, வியாழன்
அறிக்கை கொடுத்தேன். தொட்டியை இறக்கவேண்டும். கீழே தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பவேண்டும். மூலைத் தூணுக்குப் புதுக் கம்பி கட்டி கான்கிரீட். கல்லூரிச் செயலாளர் (பெயர் எழுதக் கை கூசுகிறது) பரமத்தி வேலூரிலிருந்து வந்திருந்தார். முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.
"ஏனுங்க, கன்னிமூலைல கனம் இல்லாட்டி ஊடு நிக்குங்களா? எங்கூட்லயும் அங்கதான் தொட்டி. அடில பூராப் பாறைங்க. இங்கெல்லாம் பூமி ஆடாதுங்க."
"போன மாசம் ஆடுச்சுங்களே."
"ஆடிப்போட்டு நின்னுருச்சல்லங்க? கட்டடம் உழுந்துச்சுங்களா?"
முதல்வர் சிரித்தார். நானும் சிரிப்பு வந்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். அதற்காக இப்போதும் என்மேலேயே எரிச்சல்.

13-7, வெள்ளி
முதல்வர் கூப்பிட்டார். புது அறிக்கை. தட்டச்சு செய்தே வைத்திருந்தார்கள். "கட்டடங்கள் அனைத்தும் திருப்திகரமான நிலையில் உள்ளன." கீழே என் பெயர். பக்கத்தில் என் நிரந்தர உத்தரவு, அவர் கையெழுத்துக்காக. முதல்வர் மூடியைக் கழற்றிப் பேனாவை நீட்டினார்.
போட்டேன்.
வீட்டில் சரசு பாயசம் வைத்தாள். இரண்டு டம்ளர் குடித்தேன். இவ்வளவு கோழை என்று எனக்கே தெரியாது.

17-7, செவ்வாய்
ஆடி ஒன்று. தெருவெல்லாம் தேங்காய் சுடும் வாசனை. விடுமுறை கிடையாது. விடுதிப் பக்கம் போகாமலே இருந்திருக்கலாம்.
வார்டன் கட்டில், பீரோ எல்லாவற்றையும் வடக்குக் கோடி அறைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க மொத ரிப்போர்ட்டுதானுங்க சார் கண்ணத் தொறந்துச்சு. நான் புள்ளகுட்டிக்காரன் பாருங்க."
ஆக, நம்பியிருக்கிறார். இந்தக் கல்லூரியில் நான் எழுதியதை நம்பிய ஒரே ஆள்.
தொட்டிக்குக் கீழே அவருடைய பழைய அறையில் இப்போது முதலாண்டுப் பையன்கள் நான்கு பேர். தகரப் பெட்டிகள், புதுப் பாய். வாழப்பாடி, மேச்சேரிப் பக்கத்துப் பிள்ளைகள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். ஏதாவது கேட்கவேண்டுமே என்று, அறை வசதியாக இருக்கிறதா என்றேன்.
"நல்லா இருக்குதுங்க சார். மேல தண்ணித் தொட்டி இருக்கறதால வெக்கையே தெரியறதில்லீங்க."