விளக்கு வைக்கும் நேரத்துப் பக்கங்கள்

என்னங்க,

சாப்பாடு அடுப்பின்மேல் மூடியிருக்கிறது. பத்து மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார், அதுவரை தூங்கிவிடாதீர்கள்.

நேற்றுக் காலை நீங்கள் டூட்டி முடிந்து வந்தபோது அந்தத் துப்பறியும் நாவலிலிருந்து நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. "கொலைகாரன்மேல இருக்கிற அக்கறை என்மேல இல்ல" என்றீர்கள். யார் கொன்றால் எனக்கென்ன? நூறு வருஷத்துக்கு முந்தைய, சந்தடியில்லாத அந்தச் சின்ன ஊரில் துப்பறிகிறவர் தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்து, அன்று நடந்ததையெல்லாம் மனைவியிடம் சொல்கிறார். அந்தப் பக்கங்களைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

நாம் சேர்ந்து சாப்பிட்டு மூன்று வாரம் ஆகிறது.

பி.கு.: வார்டில் ஞாயிற்றுக்கிழமை லீவு வாங்கிவிட்டேன். டிப்போவில் நீங்களும் கேளுங்கள். கிடைக்காவிட்டால் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு நானே அங்கு வருகிறேன். சும்மா நிற்கிற பஸ்ஸில் உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடலாம்.