எடித் வந்து சேர்வதற்குள்

பெராத்,
அக்டோபர் 2, 2003

அன்பு மகள் மிரெலாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எழுந்தாலும் படுத்தாலும் எனக்கு ஒரே வேண்டுதல். கண்ணு, இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார். உறைமேல் ஆர்பென் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன், அவர் வேலை முடிந்து வந்து பிரித்து உன் கையில் கொடுக்கட்டும் என்று. அவர் பக்கத்தில் இருக்கிறாரா? ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொல். உன் கீழ்வீட்டு எடித் அம்மாள் இன்று காலைதான் இங்கிருந்து கிளம்பினார். ஓஹ்ரிட் ஏரி, அப்புறம் கிரீஸ் எல்லாம் பார்த்துவிட்டுப் பதினெட்டாம் தேதி டொரண்டோ வந்துவிடுவாராம். அவர் வந்து கதவைத் தட்டுவதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். அவர் பெட்டியில் இருக்கும் படச்சுருளிலும் நோட்டுப்புத்தகத்திலும் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது, எனக்குத்தான் தெரியும்.

சுற்றி வளைத்து எழுதி மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன், இனிமேல் முடியாது. ஹைரி மாமா நம்மை விட்டுப் போய்விட்டார், மகளே. ஆகஸ்ட் இருபதாம் தேதி, ஆற்றோரக் காப்பிக் கடையில், டொமினோ ஆடிக்கொண்டிருக்கும்போதே. கையிலிருந்த கட்டையை வைக்கப் போனவர் அப்படியே மேசைமேல் சாய்ந்துவிட்டார். எதிரே ஆடிக்கொண்டிருந்த ஸ்பிரோ வாத்தியார், "தோக்கப் போறோம்னு தெரிஞ்சா போதும், இவன் உடனே தூங்க ஆரம்பிச்சிடுவான்" என்று சிரித்தாராம். சிரித்து முடித்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. வலியில்லை, வேதனையில்லை, மருத்துவமனை வாசலைக்கூட மிதிக்கவில்லை. அழு, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் உட்கார்ந்து அழு.

உன்னிடம் ஏன் மறைத்தோம் என்று நீ கேட்பாய், கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. போன தடவை நாலாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போனபோது நீ போனில் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. இந்த முறை டாக்டர் மாடிப்படிகூட ஏறக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றாய். தாய்மாமன் செத்துப்போனார் என்று அந்த நேரத்தில் எந்த வாயால் சொல்வேன்? ஆர்பெனிடம் மட்டும் சொன்னோம், அவரும் பிரசவம் முடியட்டும் என்றார், அவர்மேல் கோபப்படாதே, பாவம் அவர். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போதெல்லாம் மாமா எங்கே மாமா எங்கே என்பாய், நானும் டொமினோ ஆடப் போயிருக்கிறார், சவரம் செய்யப் போயிருக்கிறார் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு, போனை வைத்ததும் சமையலறையில் போய் முகத்தில் துணியை அடைத்துக்கொள்வேன். என் கூடப்பிறந்த அண்ணன், நான் வாய்விட்டு அழ முடியாமல் ஞாயிற்றுக்கிழமைகளை ஓட்டினேன்.

இந்த நிலைமையில் நீ நல்ல மனதோடு எடித்தை அனுப்பிவைத்தாய். வீட்டுக்கு வருகிற விருந்தாளியை வராதே என்று சொல்ல நம் பரம்பரையிலேயே யாருக்கும் தெரியாது. வரவிட்டால் துக்க வீடு என்று தெரிந்துவிடும், தெரிந்தால் அன்றைக்கே உனக்குப் போன் போகும். உன் அப்பா ஒரு நாள் முழுக்க யோசித்து ஒரு முடிவு சொன்னார், "அந்தம்மா போற வரைக்கும் நம்ம வீட்டுல யாரும் சாகலை, அவ்வளவுதான்" என்று. கறுப்பைக் கழற்றினேன், நீ அனுப்பிய பூப்போட்ட சட்டையைப் போட்டேன், மாமாவின் படத்தை எடுத்து மாவுப் பெட்டிக்குள் வைத்தேன். அப்பாவும் ஸ்பிரோ வாத்தியாரும் கத்தியும் தண்ணீர் வாளியுமாகப் போய், கம்பத்திலும் மரத்திலும் பாலத்துச் சுவரிலும் ஒட்டியிருந்த மரண அறிவிப்புகளை எல்லாம் சுரண்டி எடுத்தார்கள். அக்கம்பக்கத்தில் வீடு வீடாகப் போய், விருந்தாளி முன்னால் யாரும் துக்கம் கேட்டு வராதீர்கள் என்று சொல்லிவைத்தோம். மாமா எங்கே என்று எடித் கேட்டால் முழங்கால் வலிக்கு எல்பசான் பக்கத்து வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போயிருக்கிறார் என்று சொல்வதாக ஏற்பாடு.

எடித் தங்கமான மனுஷி, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கண் இருக்கிறதே, அது எதையும் விடாது. வந்த முதல் நாளே எதிர்க்கரையில் நின்று மங்கலேம் பேட்டை வீடுகளின் ஜன்னல்களை எண்ணினார், நூற்றுப் பன்னிரண்டோடு களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டார். நமக்கே தெரியாத கணக்கு. புதிதாகக் கட்டுகிற வீட்டு மாடியில் திருஷ்டிக்குத் தொங்கவிட்ட பொம்மையைப் பார்த்துவிட்டு, இவன் என்ன தப்பு செய்தான் என்று பயந்துபோய்க் கேட்டார். ஒரே ஒரு காப்பியை வைத்துக்கொண்டு ஆண்பிள்ளைகள் மூன்று மணி நேரம் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, அவருக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கக் கூடவே வந்த வாத்தியார், "மூணு மணி நேரமா? அது அவசர வேலை இருக்கறவன்" என்றார். கோட்டைக்குள் குடியிருக்கிறவர்கள் துணி உலர்த்துவதைப் படம் எடுத்தார், சர்க்கரைப் பாகில் ஊறிய அத்திப்பழக் கிளிக்கோவைக் கரண்டி கரண்டியாகச் சாப்பிட்டார், எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு முறை அந்த நோட்டைத் திறக்கும்போதும் நான் எட்டி எட்டிப் பார்ப்பேன். இவர் என்ன எழுதுகிறார், எதைப் பார்த்துவிட்டார், மாவுப் பெட்டியை யாராவது திறந்துவிட்டார்களா என்று.

சாயங்காலம் ஆனால் ஊர் முழுக்க ஆற்றங்கரைச் சாலையில் உலாவ வருமே, அதற்குப் போயே தீர வேண்டும் என்றார். அண்ணனைப் புதைத்து நாற்பது நாள் ஆகாதவள் நான், பூச்சட்டையோடு, கையைக் கோத்துக்கொண்டு நடந்தேன். முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தும் என்ன, ஊர் வாய் அடங்குமா. ரொட்டிக் கடை ஜெவாகிரே என் முதுகுக்குப் பின்னால், "அண்ணன் மண்ணு காயல, இவளுக்குப் பூ கேக்குது பாரு" என்றாள். எடித் என்னவென்று கேட்டார். சட்டை நன்றாக இருக்கிறது என்கிறாள் என்று வாத்தியார் மொழிபெயர்த்தார். எடித் திரும்பி அவளைப் பார்த்துக் கும்பிடாத குறையாகச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாற்பதாம் நாள். அல்வா கிளறாமல் விட்டால் மாமாவின் ஆத்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? விருந்தாளி தூங்கட்டும் என்று விடியற்காலையிலேயே அடுப்பை மூட்டினேன். வெண்ணெய் வாசனைக்கு எழுந்து வந்துவிட்டார். தெருப் பெண்கள் எல்லாம் மௌனமாக ஆளுக்கொரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்து, இது என்ன பண்டிகை என்று கேட்டு, இரண்டு தட்டு சாப்பிட்டு, நம் மொழியில் வாழ்த்துச் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறாரே, அதைச் சொன்னார். நான் புகை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அன்று மதியம்தான் அந்தப் படம். நகரசபைத் தேர்தலுக்கு ஊரெல்லாம் வேட்பாளர் முகம் ஒட்டியிருக்கிறது, தபால் நிலையச் சுவரில் வரிசையாக ஏழெட்டு. அவற்றுக்கு நடுவில், கொஞ்சம் மேலே, அப்பாவுக்கும் வாத்தியாருக்கும் எட்டாமல் விட்டுப்போன மரண அறிவிப்பு ஒன்று. கறுப்புக் கரை போட்ட நம் மாமா. எடித் அங்கேயே நின்றுவிட்டார். எல்லா முகத்தையும் பார்த்துவிட்டு மாமாவைக் காட்டி, "இவர் எந்தக் கட்சி? இந்த வரிசையில இவர் முகம்தான் நல்ல முகம், எனக்கு ஓட்டு இருந்தா இவருக்குத்தான் போடுவேன்" என்றார். வாத்தியார் எனக்கு மொழிபெயர்த்தார். "லிரி, நான் இவங்களுக்கு என்னன்னு சொல்லட்டும்?" என்று என்னைக் கேட்டார். ஜெயித்துவிடுவார் என்று சொல் என்றேன். எடித் சந்தோஷமாக மாமா பக்கத்தில் போய் நின்றுகொண்டு, என் கையில் கேமராவைக் கொடுத்தார். நான்தான் எடுத்தேன், மிரெலா. அந்தப் பொத்தானை அழுத்தியது என் விரல்.

அப்பா இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். படச்சுருளைக் கழுவியதும் அந்தப் படத்தை மட்டும் உருவிவிடும்படி ஆர்பெனிடம் சொல்லலாம் என்றார், நானும் சரி என்றுதான் இருந்தேன். ஆனால் முந்தாநாள் எடித் நீ பின்னிக் கொடுத்த சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையை வெளியே எடுத்தார். இது மாமாவுக்கு, மிரெலா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், பிள்ளைக்கு என்ன பெயர் என்று மாமா வாயால் கேட்டு வரச் சொன்னாள், அவரைப் பார்க்காமல் நான் எப்படிப் போவேன், அந்த வெந்நீர் ஊற்றுக்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். உன் அப்பாவுக்கு ஒரு பொய்யை நேராக நிறுத்தத் தெரியாது என்பது உனக்குத் தெரியாததா. பதறிப்போய், "நீங்க அலையாதீங்க, நான் போன்லயே கேட்டுட்டேன், சொல்லிட்டான்" என்றார். என்ன பெயர்? மனுஷன் ஜன்னலைப் பார்த்தார். எதிர்ச் சுவரில் தேர்தலுக்கு நிற்கிற பல் டாக்டரின் படம், கீழே பெரிய எழுத்தில் அவர் பெயர். "அகிம்" என்றார். பெண்ணாக இருந்தால்? "அகிமே" என்றார். எடித் எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, அப்பாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்தார்.

அவர் மாடிக்குப் போனதும் உன் அப்பாவை நான் பேசின பேச்சு இருக்கிறதே, இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் பேசினதில்லை. "பேரு நல்லாத்தானே இருக்கு" என்கிறார். நல்ல பெயர்தான், யார் இல்லை என்றார்கள். ஒரு படத்தைக் கிழித்துப் போடலாம், பெயரை என்ன செய்வது? மாமா வைத்தது, மாமா வைத்தது என்று நீ அந்தக் குழந்தையை ஆயுசு முழுக்கக் கூப்பிடுவாய், ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தப் பல் டாக்டர்தான் ஞாபகத்துக்கு வருவார். நாங்கள் செத்த பிறகும் அந்தப் பொய் உன் வீட்டில் ஓடி விளையாடும். அப்போதுதான் முடிவு செய்தேன், நடப்பது நடக்கட்டும், என் பிள்ளைக்கு நானே சொல்லிவிடுகிறேன் என்று.

இன்னொன்றும் சொல்கிறேன், இதுவரை யாருக்கும் சொல்லாதது. எனக்குப் பத்தொன்பது வயதில், ஷ்கோடரில் ஆசிரியப் பயிற்சியில் இருந்தபோது, என் அப்பா இறந்ததை எனக்கு மறைத்தார்கள். பரீட்சை முடியட்டும் என்று மறைக்கச் சொன்னது யார் தெரியுமா, ஹைரி அண்ணன்தான். ரொட்டி வரிசையில் நின்றபோது பெராத்துக்காரர் ஒருவர், "அப்பா போனது கேள்விப்பட்டேன்மா, மனசைத் தேத்திக்கோ" என்றார். கையில் ரொட்டிச் சீட்டோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணனோடு ஒரு வருஷம் பேசவில்லை. அப்படி வாங்கின அடி மறந்துபோய், நானும் அதையே உனக்குச் செய்துவிட்டேனே, எனக்குப் புத்தி எங்கே போயிற்று?

உண்மையில் மாமா பெயர் எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஜூலையில் நீ முழுகாமல் இருக்கிறாய் என்று சொன்னபோது நானே கேட்டேன், அண்ணா, ஒரு பெயரை யோசித்து வை என்று. "அவசரப்படாதே லிரி, முதல்ல அது நல்லபடியா வந்து சேரட்டும், மூஞ்சியைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதனால் எடித் என்ன பெயர் கொண்டுவந்தாலும் வாங்கி வைத்துக்கொள், மனம் நோகாமல் நன்றி சொல், ஆனால் வைக்காதே. அந்த அம்மாளுக்குப் படத்தைப் பற்றி இப்போது எதுவும் சொல்லாதே, தெரிந்தால் துடித்துப்போவார். பிறகு ஒரு நாள் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

காலையில் எடித் ஏறிய பஸ் தெருமுனை திரும்பியதும் கறுப்பைப் போட்டுக்கொண்டேன், மாவுப் பெட்டியிலிருந்து படத்தை எடுத்துத் துடைத்து மாட்டினேன், தெருவே கேட்க அழுதேன். காத்துக்கொண்டிருந்தவர்கள்போல எல்லோரும் வந்துவிட்டார்கள். துக்கத்துக்குக் குடிக்கிற சர்க்கரை போடாத காப்பியை இன்றைக்குத்தான் நாற்பத்து மூன்று நாளில் நிம்மதியாகக் குடித்தேன். ஜெவாகிரேயும் வந்தாள், பாத்திரம் கழுவிவிட்டுப் போனாள். நீ பின்னிய சட்டையை மடித்து வைத்திருக்கிறேன், நீ சொல்கிறவரை யாரும் தொட மாட்டோம்.

கடிதத்தை ஃபத்மிரிடம் கொடுத்தனுப்புகிறேன், நாளைக்கு டிரானா போகிறவர், பெரிய தபால் நிலையத்திலேயே போட்டால் சீக்கிரம் போகுமாம். போகுமா? எனக்கு அதே கவலை. வருகிற இரண்டு ஞாயிறும் நீ கூப்பிடும்போது அப்பா எடுத்து, அம்மா சந்தைக்குப் போயிருக்கிறாள் என்பார். அது பொய், நான் பக்கத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருப்பேன். அதுதான் கடைசிப் பொய். மாத்திரையைத் தவறாமல் சாப்பிடு, படி ஏறாதே, குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. கடவுள் உன்னையும் குழந்தையையும் இரண்டு உயிராகப் பிரித்துப் பத்திரமாகக் கொடுக்கட்டும், உன் கை நிறைய, வீடு நிறைய இருக்கட்டும்.

இதைப் படித்து முடித்ததும் கூப்பிடு, மகளே. எந்த நேரமானாலும் சரி, நான்தான் எடுப்பேன். என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் திட்டு, ஒரு மணி நேரம் வேண்டுமானாலும் திட்டு, நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். என் அண்ணனோடு நான் பேசாமல் விட்ட அந்த ஒரு வருஷம் இன்றைக்கு எனக்கு வேண்டும், யாரிடம் போய்க் கேட்பேன்? நீ அப்படி இருந்துவிடாதே.

போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
உன் அம்மா லிரி