ராக்கம்மாளின் காது

2024 பிப்ரவரி 6, செவ்வாய்

காலையிலிருந்து பம்ப்செட் வேலை மூன்று. கோச்சடையில் லேத் பட்டறை போட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது, சாயங்கால இடுப்பு வலிக்குத்தான் இன்னும் ஒரு வழியும் தெரியவில்லை.

சோழவந்தானிலிருந்து ராஜபாண்டி வந்தான். ஐ.டி.ஐ.யில் எனக்குப் பக்கத்து பெஞ்சு. காட்டுப்பன்றி அவன் வாழைத்தோட்டத்தை உழுது போட்டிருப்பதை போனில் காட்டினான். பாவமாகத்தான் இருந்தது. அவன் அப்பா காலத்து லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று வீட்டில் உண்டு, பாயின்ட் டூ டூ, சின்னக் குண்டு போடுவது.

"ஒண்ணைச் சுட்டா சத்தத்துல மத்ததெல்லாம் ஓடிருது மாப்ள. மறுநா திரும்பவும் வந்து நிக்கிது. சத்தம் கேக்காத மாதிரி முன்னால மாட்டுற குழாய் ஒண்ணு செஞ்சு குடு."

முடியாது என்றேன்.

"முடியாதா, செய்யத் தெரியாதா?"

படுபாவி. என்னை எங்கே தட்டினால் எழுந்திருப்பேன் என்று அவனுக்குத் தெரியும்.

பிப்ரவரி 8, வியாழன்

மனைவி ஐரினிடம் சொல்லியிருக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை விரட்டுகிற அதே குரலில், "சைலன்சர் செய்யுறது, வச்சிருக்கிறது ரெண்டுமே குத்தமாங்க. ஜெயிலு" என்று போனைப் பார்த்துப் படித்தாள். பன்றிக்குத்தானே என்றேன். பன்றியைச் சுடவும் கூடாதாம். ஆனால் வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து நேரே சோழவந்தான். தோட்டத்தில் குழாயை மாட்டி, மண்மேட்டைப் பார்த்து இரண்டு முறை சுட்டான். டக், டக். அவ்வளவுதான். பெட்டி மூடுகிற சத்தம்கூட இல்லை. பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கைகாரன்டா நீ!" என்று ராஜபாண்டி கட்டிக்கொண்டான். பெருமையாக இருந்தது. இல்லை என்று இங்கே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது?

பிப்ரவரி 14

சாம்பல் புதன். ஒரு சந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு. பசி.

பிப்ரவரி 27, செவ்வாய்

பத்து மணிக்கு ராஜபாண்டி போன் செய்தான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

விடிகிற நேரத்தில் வாழைக்குள் ஏதோ அசைந்திருக்கிறது. இரண்டு குண்டு போட்டிருக்கிறான். அப்புறம் சத்தமில்லை, பன்றி தப்பிவிட்டது என்று வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்திருக்கிறான். அசைந்தது ராக்கம்மாள். அடுத்த வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை செய்கிறவர். குறுக்கு வழியாக வாழைக்குள் வந்திருக்கிறார். தொடையில் குண்டு. வெற்றிலை கிள்ள வந்த பெண்கள் பார்க்கிறவரை ஒரு மணி நேரம் அங்கேயே மயங்கிக் கிடந்திருக்கிறார்.

ஒரு மணி நேரம். இவன் காப்பி குடித்தானாம். ஆண்டவரே.

பிப்ரவரி 28, புதன்

உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம். கால் எப்படி ஆகும் என்று தெரியாதாம்.

போலீஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, கைதவறிய கேஸ் என்று எழுதி, ராஜபாண்டியை ஜாமீனில் விட்டிருக்கிறது. சாயங்காலம் டிபன் பையோடு பட்டறைக்கு வந்தான். உள்ளே குழாய். "கழட்டி வச்சிட்டேன், அவங்களுக்குத் தெரியாது. லேத்துல போட்டுப் பொடியாக்கிரு மாப்ள." சரி என்று வாங்கினேன். அவன் போனதும் இரும்புச் சீவல் டப்பாவுக்குள் அடியில் வைத்து மூடினேன். ஏன் பொடியாக்கவில்லை? தெரியவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

அந்தப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பன்றி விரட்ட முதல் வெடி கேட்டதும், வயலில் இருப்பவர்கள் "ஆளு இருக்கு! ஆளு!" என்று குரல் கொடுப்பார்கள். சுடுகிறவன் அதோடு நிறுத்திவிடுவான். குரல் வராவிட்டால்தான் அடுத்த வெடி.

ராஜபாண்டி ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருப்பது இது: முதல் வெடி போட்டேன், குரல் வரவில்லை, அதனால் இரண்டாவது போட்டேன், அதுதான் பட்டுவிட்டது.

எப்படிடா குரல் வரும்? குழாயை மாட்டிக்கொண்டு, அந்தப் பொம்பளை குரல் கொடுக்கலைன்னு எழுதிக் குடுத்திருக்கான்! ஊரே இப்போது ராக்கம்மாளுக்குக் காது மந்தம் என்கிறதாம். எங்களுக்கும் கேக்கலையே என்று யாரோ கேட்டதற்கு, காத்து அந்தப் பக்கம் அடிச்சது என்று வாயை அடைத்துவிட்டார்கள்.

மார்ச் 10, ஞாயிறு

போனில் சண்டை. ஸ்டேஷனில் உண்மையைச் சொல்லிவிடு என்றேன். "எனக்கு ரெண்டு பொட்டப்புள்ள இருக்குடா" என்றான். "ராக்கம்மாளுக்கு?" என்றேன். "நீ செஞ்சதுதானே அது? வாயத் திறந்தா முதல்ல உள்ள போறது நீதான்." வைத்துவிட்டான். அவன் சொன்னதில் தப்பில்லை. பயமாக இருக்கிறது.

மார்ச் 15, வெள்ளி

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போதே வெளியே வந்துவிட்டேன். அவசரத்தில் யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருக்கிறேன்.

மார்ச் 19, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ராஜபாண்டியின் சிநேகிதன் என்று மட்டும் சொன்னேன். ராக்கம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். காலில் கம்பி. வீட்டுக்காரர் அழகுமலை கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். நான் கொண்டுபோன ஆரஞ்சை வாங்கி ஓரமாக வைத்தார்.

"அந்தத் தம்பி நல்லா இருக்காங்களா?" – இதுதான் ராக்கம்மாள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. "நான் ஒரு கொரல் குடுத்திருந்தா அவங்களுக்கு இம்புட்டுச் சிரமம் வந்திருக்காதுல்ல."

நான் அவர் காலில் இருந்த கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காது டாக்டருட்டயும் சீட்டு வாங்கியிருக்கு. நாளைக்குப் பாக்கணும். தம்பி, ஒண்ணு செய்யுங்க. நான் அங்கிட்டுத் திரும்பிக்கிறேன். மெதுவா ஏதாச்சும் சொல்லுங்க."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் உதடு அசைகிற அளவுக்கு, "அக்கா" என்றேன்.

"அக்கான்னீங்க" என்று உடனே திரும்பினார். "எல்லாம் கேக்குதே. அப்புறம் அன்னைக்கு மட்டும் ஏன் கேக்காமப் போச்சு?"

"விடு புள்ள, அதையே பேசாத" என்றார் அழகுமலை.

மாடிப்படியில் வந்து உட்கார்ந்து அழுதேன். யார் யாரோ என்னைத் தாண்டிப் போனார்கள். குண்டு பட்ட மனுஷி, தன் காதைத் தானே சோதித்துக்கொண்டு கிடக்கிறாள்! நான் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன். தூ.

மார்ச் 20, புதன்

குழாயோடு ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று ராஜபாண்டிக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். "இப்படிக் கழுத்தறுப்பேன்னு நெனைக்கலடா" என்றான். அழுதான். இருபது வருஷப் பழக்கம்.

ஐரின் இரண்டு சட்டையும் பிரஷர் மாத்திரையும் பையில் வைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நானும் வாரேன்" என்றாள். வேண்டாம் என்றும் வந்தாள். சீவல் டப்பாவிலிருந்து குழாயை எடுத்துத் துடைத்துக்கொண்டேன். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 27, சனி

ஜாமீனில் வந்து மூன்று நாள். தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. பட்டறைக்குச் சீல். எனக்கு முன்னால் ராஜபாண்டி கையெழுத்துப் போடுகிறான், பேனாவை என் கையில் தராமல் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறான்.

2025 நவம்பர் 18, செவ்வாய்

இன்று ராக்கம்மாளின் சாட்சி. ராஜபாண்டியும் நானும் ஒரே கூண்டில், நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் விட்டு. எதைக் கேட்டாலும் அசையாமல் நிற்கவேண்டும் என்று என் வக்கீல் காலையில் இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

ராக்கம்மாள் கம்பு ஊன்றி வந்தார். உட்காரச் சொன்னதற்கு, நின்னே சொல்றேன் என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"முதல் வெடிச் சத்தம் கேட்டதாம்மா?" என்றார் அரசு வக்கீல்.

"இல்ல சார்."

"கேட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?"

"கொரல் குடுத்திருப்பேன். எங்க ஊருல எல்லாரும் குடுப்பாங்க."

"ஒருவேளை உங்களுக்குக் காது–"

"என் காது நல்லாத்தான் இருக்கு" என்றார் ராக்கம்மாள். சத்தமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "வெடிதான் சத்தம் போடல."

நான் தலையை ஆட்டினேன். என் வக்கீல் கண்ணாலேயே அதட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தேன்.