இரைச்சலோடு வரட்டும்

அலோர் ஸ்டார்
3.3.2025

அன்புள்ள சாந்தினி அண்ணிக்கு,

சுகம்தானே? போன் அடித்தால் எடுப்பதில்லை, அதனால் கடிதம். நம் 'பால்வாளி' பேண்டின் பழைய கேசட்டை இப்போது பங்க் ராக் இசை கேட்கும் பிள்ளைகள் தேடி அலைகிறார்கள். இசைத்தட்டாகப் போடப் போகிறேன். ஆனால் அந்தச் சத்தம்! ரப்பர் எஸ்டேட் கொட்டகையில் பதிவு செய்தது; தகரக் கூரை, மழை. அண்ணன் வைத்திருந்த அசல் கேசட்டைத் தந்தால் என் ஸ்டூடியோவில் சுத்தம் செய்துவிடுவேன். அழகேசன் அண்ணன் குரலுக்கு அதுதான் மரியாதை.

தம்பி மனோகரன்

மெர்போக்
10.3.2025

தம்பி மனோகரனுக்கு,

முருகன் அருளால் சுகம். உங்கள் அண்ணன் போய் ஆறு வருடம்; இப்போதாவது எழுதினீர்கள், சந்தோஷம்.

கந்த சஷ்டி கவசம் தவிர எனக்குப் பாட்டு தெரியாது. ஆனாலும் உட்கார்ந்து கேட்டு, நிமிடம் நொடி போட்டு நோட்டில் எழுதினேன். மூன்றாவது பாட்டில் மழை வலுக்கிறது. உங்கள் கிதார் காணாமலே போகிறது. அவர் மட்டும் தொண்டை கிழிய மழையை மீறிக் கத்துகிறார். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அதையா துடைக்கப் போகிறீர்கள்? எதையெதை எடுப்பீர்கள், விவரமாக எழுதுங்கள்.

சாந்தினி

அலோர் ஸ்டார்
15.3.2025

அன்புள்ள அண்ணிக்கு,

மழையைக் குறைப்பேன். 'உஸ்' சத்தம் போய்விடும். அன்று விற்ற பிரதிகளில் செய்ததுபோல, பாட்டுகளுக்கு நடுவே நாங்கள் பேசியதை வெட்டிவிடுவேன். வெறும் அரட்டை, யார் கேட்பார்கள்? அட்டையில் பேண்டின் கதையும் எழுதிவிட்டேன்: பினாங்கு ஷோவுக்கு அண்ணன் குடித்துவிட்டு வராததால் பேண்டு உடைந்தது என்று. வருத்தப்படாதீர்கள், பங்க்குக்கு அதெல்லாம் பெருமைதான்லா!

தம்பி மனோகரன்

மெர்போக்
12.4.2025

மனோகரனுக்கு,

நான்காவது பாட்டு 17 நிமிடம் 40 நொடியில் முடிகிறது. அவர் தண்ணீர் குடிக்க வெளியே போகிறார், கதவு கிறீச்சிடுகிறது. மழைக்கு அடியில் உங்கள் குரல், டிரம் அடித்த பரஞ்சோதியிடம்: "டேய், பினாங்கு பஸ்ஸு பத்து மணின்னு அவன்கிட்ட சொல்லு. நாம எட்டுக்கே ஏறிடுவோம். மாலையும் காவியுமா இவன் மேடையில நின்னா சிரிப்பானுங்க லா." பரஞ்சோதி சிரிக்கிறான்.

ஷோ அன்று அவர் பத்துக்குப் போய், சுங்கை பட்டாணி பஸ் நிலையத்தில் பொழுது சாயும்வரை நின்றார். தைப்பூசக் காவடிக்கு மாலை போட்டு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தவர். காப்பிகூடத் தொடவில்லை. அவரைக் குடிகாரன் என்று இருபத்தெட்டு வருடம் ஊரெல்லாம் சொன்னீர்கள். "நான்தான் நேரத்தைத் தப்பாக் கேட்டுட்டேன், சாந்தினி" என்று சொல்லிக்கொண்டே அவர் கண்ணை மூடினார். அந்தக் கேசட்டை அவர் ஒருநாளும் போட்டுக் கேட்டதில்லை.

நேற்று பங்குனி உத்திரம். கேசட்டைச் சாமி படத்துக்கு முன் வைத்து எடுத்து, ஷீலாவிடம் கொடுத்துவிட்டேன். கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் வேலை பார்த்துக்கொண்டே பங்க் இசைத்தட்டு போடும் பெண். மூக்கில் இரண்டு வளையம். "ஆண்ட்டி, ஒரு நொடிகூடக் கை வைக்கமாட்டோம்லா. இப்படியே இருந்தாத்தான் எங்களுக்குப் பிடிக்கும்" என்றாள். அட்டையில் நான் சொன்ன கதை வரும்.

மழை இருக்கும். 'உஸ்' இருக்கும். நீங்களும் இருப்பீர்கள்.

முருகனிடமே விட்டுவிடலாம் என்றுதான் இத்தனை வருடம் இருந்தேன். அவனுக்கு வேலை அதிகம். முதல் தட்டு உங்கள் விலாசத்துக்கு வரும். சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள்.

அழகேசன் மனைவி
சாந்தினி